கொட்டகையில் நிற்கும் மூன்று பழைய வண்டிகளுக்கு சார்ஜர் தேடியது: ஐந்தாண்டு அனுபவம்

ஈரோட்டுக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டுக் கொட்டகையில் மூன்று வண்டிகள் நிற்கின்றன. ஒன்று, மைசூர் ஐடியல் ஜாவா ஆலையில் 1969-இல் தயாரான, சித்தப்பா ஓட்டிய 6 வோல்ட் ஜாவா 250. இரண்டாவது, அப்பா 1986-இல் வாங்கிய ராஜ்தூத் ஆர்டி 350. மூன்றாவது, நான் கல்லூரிக்குப் போய்வந்த யமஹா ஆர்எக்ஸ் 100. நான் சென்னையில் வேலை பார்ப்பதால் மாதத்தில் ஒரு முறை ஊருக்குப் போகும்போது மட்டுமே இவற்றை உதைத்து ஸ்டார்ட் செய்து நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருவது வழக்கம். அதுவே பேட்டரிகளுக்குப் போதும் என்றுதான் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. இ-பாஸ் விலக்கப்பட்டு செப்டம்பரில் நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் ஜாவாவின் பேட்டரி 2.1 வோல்ட், ஆர்டி 6.9 வோல்ட், ஆர்எக்ஸ் 9 வோல்ட்டுக்குச் சற்றே மேல் என்று காட்டின. கடைக்கு எடுத்துப்போனேன். பேட்டரிக்காரர் ஜாவா பேட்டரியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிளேட்டெல்லாம் வெள்ளை பூத்துருச்சுங்க, இனிமே ஏறாதுங்க" என்றார். ஆர்எக்ஸ் பேட்டரியும் சார்ஜை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. ஆர்டியுடையதை மட்டும் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அது எப்படிப் போனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பழைய வண்டிகளில் கடிகாரமோ, அலாரமோ, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவோ கிடையாது. ஆகவே சாவியை எடுத்துவிட்டால் மின்சாரம் எதுவும் செலவாகாது, பேட்டரி அப்படியே இருக்கும் என்பது பலருடைய எண்ணம். ஆனால் ஈய-அமில பேட்டரி யாரும் தொடாமலே தன்னைத்தானே காலி செய்துகொள்ளும் பண்புடையது. வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி கூடும்போது இந்தத் தன்னிறக்கம் இரட்டிப்பாகும் என்பதால், குளிர் நாடுகளில் எழுதப்பட்ட "மூன்று மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் செய்யவும்" என்ற அறிவுரை எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் செல்லுபடியாகாது. இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் படியும் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். கடைக்காரர் சொன்ன வெள்ளைப் பூப்பு அதுதான். போதாக்குறைக்கு ஜாவாவில், எஞ்சின் நின்றதும் டைனமோவை பேட்டரியிலிருந்து பிரித்துவிடும் கட்-அவுட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டால், பேட்டரி டைனமோ வழியாகவே வடிந்துவிடும். மூன்று வண்டிகளுக்கும் எர்த் ஒயரில் ஒரு சிறிய கட்-ஆஃப் ஸ்விட்ச் போட்டதுதான், சார்ஜரைப் பற்றி யோசிப்பதற்கும் முன்னால் நான் செய்த முதல் நல்ல வேலை.

மாதம் நாலு கிலோமீட்டர் ஓட்டினால் போதாதா என்று கேட்கலாம். ஆர்எக்ஸ் 100-க்கு ஒருவாறு போதும். அதன் இக்னிஷனுக்கான மின்சாரம், எஞ்சினோடு சுழன்று தானே மின்சாரம் தரும் மேக்னட்டோவிலிருந்து வருவதால் பேட்டரியே இல்லாவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஹாரனும் இண்டிகேட்டரும்தான் ஊமையாகும். ஆர்டி 350 அப்படியல்ல. அதன் பிளாட்டினம் பாயிண்டுகளுக்கும் காயிலுக்கும் பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் போக வேண்டும். அதன் ஆல்டர்னேட்டரில் நிலைக்காந்தம் கிடையாது. ஃபீல்டு காயிலுக்கு பேட்டரி உயிர் கொடுத்தால்தான் அது மின்சாரமே உற்பத்தி செய்யும். எனவே பேட்டரி முழுதாகச் செத்துவிட்டால் வண்டியைத் தெருமுனை வரை தள்ளி ஓடினாலும் பயனில்லை. நான் தள்ளியிருக்கிறேன்.

இனி சார்ஜர்கள். முதலில் இணையத்தில் வாங்கியது, பெட்டியில் "6/12 வோல்ட் ஆட்டோமேட்டிக்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த மலிவான ஒன்று. பெயர் வேண்டாம், இன்று அது சந்தையில் வேறு பெயரில் இருக்கக்கூடும். 6 வோல்ட் ஜாவாவுக்கும் 12 வோல்ட் ஆர்டிக்கும் ஒரே பெட்டி என்பது எனக்குப் பெரிய கவர்ச்சியாக இருந்தது. 6.9 வோல்ட்டில் கிடந்த ஆர்டி பேட்டரியில் கிளிப்புகளை மாட்டியதும் 6 வோல்ட் விளக்கு எரிந்தது. பத்தே நிமிடத்தில் பச்சை விளக்கும் வந்தது. சென்னைக்குக் கிளம்பும் அவசரத்தில் நானும் திருப்தியோடு கழற்றி வைத்துவிட்டேன். என்ன நடந்தது என்பது அடுத்த மாதம் பேட்டரி முழுக்கச் செத்துக் கிடந்தபோதுதான் புரிந்தது. அந்தச் சார்ஜருக்கு பேட்டரியின் வகையை அறிய அதன் வோல்ட்டேஜைத் தவிர வேறு வழி கிடையாது. 6.9 வோல்ட் காட்டும் ஒரு பேட்டரி, நன்றாக இறங்கிப்போன 12 வோல்ட் பேட்டரியா, நிறைந்த 6 வோல்ட் பேட்டரியா என்று அதனால் பிரித்தறிய முடியாது. நிறைந்த 6 வோல்ட் பேட்டரி என்று அது எடுத்துக்கொண்டு பச்சை காட்டிவிட்டது. இரண்டு வகை வோல்ட்டேஜிலும் வண்டி வைத்திருப்பவர்கள், தானாகக் கண்டுபிடிக்கும் சார்ஜரை வாங்கவே வேண்டாம் என்பது அன்று முதல் என் உறுதியான கருத்து. கையால் தள்ளும் ஸ்விட்ச் இருக்க வேண்டும், அல்லது தனித்தனிச் சார்ஜர்களாக இருக்க வேண்டும்.

2020 அக்டோபரில் மூன்றுக்கும் புதிய பேட்டரிகள் வாங்கினேன். ஆர்டிக்கு 5.5 ஆம்பியர் மணி, ஆர்எக்ஸுக்கு 2.5, ஜாவாவுக்கு 12. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் சார்ஜ் செய்ய வேண்டும் என்ற பழைய விதிப்படி பார்த்தால், ஆர்டிக்கு அரை ஆம்பியரும் ஜாவாவுக்கு 1.2 ஆம்பியரும் போதும். காருக்கான 5 ஆம்பியர் சார்ஜரை வீட்டில் இருக்கிறதே என்று இவற்றில் மாட்டினால், ஒரே இரவில் தண்ணீர் கொதித்து, வென்ட் குழாய் வழியே வெளிவரும் அமிலம் குரோமையும் பெயிண்டையும் தின்றுவிடும்.

ஆர்டிக்கு சிடெக் எக்ஸ்எஸ் 0.8 வாங்கினேன். ஸ்வீடன் நிறுவனத்துப் பொருள், 0.8 ஆம்பியர், 12 வோல்ட் மட்டும். 1.2 முதல் 32 ஆம்பியர் மணி வரையிலான பேட்டரிகளைச் சார்ஜ் செய்யும் என்பது நிறுவனத்தின் குறிப்பு. அதில் பொத்தானே கிடையாது. எட்டுப் படிநிலை, ஒன்பது படிநிலை என்றெல்லாம் அடுக்கும் சார்ஜர்களுக்கு நடுவே இது எனக்கு முதலில் குறையாகத்தான் தோன்றியது. அப்பாவோடு இது சேர்ந்தபோதுதான் அதன் அருமை விளங்கியது. நான் சென்னைக்குத் திரும்பிய மூன்றாம் நாளே அவர் ஃபோனில் சொன்னார்: "ராத்திரி முழுக்க அது பாட்டுக்கு கரண்ட்ல கெடந்தா ஆவாது கண்ணு. படுக்கப் போறப்ப நான் சுச்சை அமத்திடறேன், வெடியால போட்டுக்கலாம்." வருடத்துக்கு 365 இரவுகள் மின்சாரம் நிறுத்தப்படும், அதற்குமேல் ஊரில் வரும் மின்வெட்டு வேறு. மின்சாரம் திரும்பி வந்ததும் யாராவது போய்ப் பொத்தானை அழுத்தினால்தான் வேலையைத் தொடங்கும் சார்ஜராக இருந்திருந்தால், அது முதல் வாரத்தோடு அலங்காரப் பொருளாகியிருக்கும். இது ஒவ்வொரு காலையும் தானே தொடங்கி, பேட்டரி நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பராமரிப்பு நிலைக்குப் போய்விடுகிறது. வாங்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கடைக்காரரிடம் கேளுங்கள்: கரண்ட் போய் வந்தால் இது என்ன செய்யும்? ஓய்வில் ஒன்றரை வாட் எடுக்கும் சார்ஜர் மாதம் முழுவதும் ஓடினாலும் ஏறத்தாழ ஒரு யூனிட்தான் என்று அப்பாவிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கவலை மின்கட்டணம் அல்ல, கொட்டகை என்பதால் அதற்குமேல் வாதாடவில்லை.

கிளிப்புகளை ஒவ்வொரு முறையும் மாட்டிக் கழற்றுவதும் தவறான பழக்கம். ஒருமுறை கறுப்பு கிளிப்பை முதலில் மாட்டிவிட்டேன். அதன்பின் சிவப்பு கிளிப் கை நழுவி ஃபிரேமில் பட்டுத் தெறித்த பொறியின் தழும்பு ஆர்டியின் சீட்டுக்கு அடியில் இன்றும் இருக்கிறது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். இப்போது மூன்று பேட்டரிகளிலும் ஃப்யூஸ் உள்ள நிலையான ஒயர் போல்ட் போட்டு மாட்டப்பட்டு, அதன் பிளக் மட்டும் சைடு கவருக்கு வெளியே தலைநீட்டிக்கொண்டிருக்கிறது. ஃப்யூஸ் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். எலி கடித்த ஒயர் எங்கே ஷார்ட் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, எங்கள் கொட்டகையில் எலிகள் ஒயரை ஒதுக்குவதும் இல்லை.

ஜாவாதான் அதிக வேலை வாங்கியது. ஈரோட்டுக் கடைகளில் 6 வோல்ட் சார்ஜர் என்று கேட்டால், குழந்தைகள் ஓட்டும் பேட்டரி காருக்கான அடாப்டரைத்தான் எடுத்து நீட்டினார்கள். அதில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. நிறைந்த பேட்டரியில் வைத்தபோது 7.9 வோல்ட் வரை ஏறிக்கொண்டே போனது, கழற்றிவிட்டேன். கடைசியில் சென்னை ரிச்சி தெருவில், எலக்ட்ரானிக்ஸ் பட்டறைகளில் மேசைமேல் வைத்திருக்கும் பவர் சப்ளை ஒன்றை வாங்கினேன். வோல்ட்டேஜுக்குத் தனித் திருகு, ஆம்பியருக்குத் தனித் திருகு. ஆம்பியரை 1-இல் நிறுத்தி, வோல்ட்டேஜை 7.2-இல் வைத்தால், அதாவது ஒரு செல்லுக்கு 2.4 வோல்ட், பேட்டரி நிறைய நிறைய மின்னோட்டம் தானாகக் குறையும். 0.2 ஆம்பியருக்குக் கீழே போனதும் 6.8-க்கு இறக்கிவிட்டால் அதுவே பராமரிப்பு சார்ஜ். நவீன சார்ஜர்கள் தானாகச் செய்யும் வேலையின் சாரம் இதுதான்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மின்சாரம் நின்றால் பேட்டரியிலிருந்து சப்ளைக்குள் மின்னோட்டம் திரும்பிப் பாயும். அதைத் தடுக்க பாசிட்டிவ் ஒயரில் மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு ஷாட்கி டயோடு போட வேண்டும். அந்த டயோடு கொஞ்சம் வோல்ட்டேஜைத் தின்னும் என்பதால், சப்ளையின் முகப்பில் தெரியும் எண்ணை நம்பாமல் பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வைத்துத்தான் 6.8-ஐச் சரிபார்க்க வேண்டும். பொத்தான் வைத்த டிஜிட்டல் சப்ளைகளில் சில, மின்சாரம் வந்ததும் வெளியீட்டை அணைத்தே வைத்திருக்கும். திருகு வைத்த பழைய பாணி சப்ளை விட்ட இடத்திலேயே நிற்கும்.

இரண்டாவது, வெப்பம். முதல் கோடையில் நான் 6.9 வோல்ட்டில் விட்டுவிட்டு வந்தேன். 25 டிகிரிக்கு அது குற்றமில்லை. மே மாதம் போய்ப் பார்த்தபோது பேட்டரியின் பக்கத்தில் வைத்த வெப்பமானி 41 டிகிரி காட்டியது, மூன்று செல்களிலும் அமிலம் கீழ்க்கோட்டுக்கு அடியில் இறங்கிக் கிடந்தது. ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் ஒரு செல்லுக்கு சுமார் 3 மில்லி வோல்ட் குறைக்க வேண்டும். 16 டிகிரி வித்தியாசத்துக்கு, மூன்று செல் சேர்ந்து கிட்டத்தட்ட 0.15 வோல்ட். 12 வோல்ட் பேட்டரியாக இருந்தால் 0.3 வோல்ட். எண் சிறியதுதான், ஆனால் மாதக்கணக்கில் மாட்டியே வைத்திருக்கும்போது அந்தச் சிறு மிகுதிதான் தண்ணீரைக் குடிக்கிறது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி அந்த பேட்டரியைக் காப்பாற்றினேன். நம் ஊரில் 12 வோல்ட் சார்ஜர் வாங்குபவர்களும், வெப்பத்துக்கேற்ப வோல்ட்டேஜை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டா என்று பார்த்து வாங்குவது நல்லது.

ஆர்எக்ஸுக்காக மைத்துனர் 2021 இறுதியில் அமெரிக்காவிலிருந்து ஒரு நல்ல சார்ஜர் கொண்டுவந்தார். அதன் அடியில் "120 வோல்ட்" என்று மட்டுமே அச்சிட்டிருந்ததை, 230 வோல்ட்டில் செருகிப் புகை வந்த பிறகே படித்தேன். தவறு முழுக்க என்னுடையது. மொபைல் சார்ஜர்கள் எந்த நாட்டு மின்சாரத்தையும் ஏற்றுப் பழக்கிவிட்டதன் விளைவு. அதன்பின் ஆர்எக்ஸுக்குத் தனிச் சார்ஜர் வாங்கவில்லை. ஊர் போகும்போது ஆர்டியின் சிடெக்கை எடுத்து இரண்டு மணி நேரம் இதில் செருகுகிறேன். 2.5 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 0.8 ஆம்பியர் என்பது பத்தில் ஒரு பங்கு விதிக்கு மீறியதே என்றாலும், நிறுவனம் சொல்லும் எல்லைக்குள் இருக்கிறது. பேட்டரி கைக்குச் சூடாகத் தெரிந்ததும் இல்லை.

செத்த பேட்டரியை பல்ஸ் கொடுத்து எழுப்பும் வசதிக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நண்பரிடம் இரவல் வாங்கி பத்து நாள் முயன்றும் ஜாவாவின் பழைய பேட்டரி எழவில்லை. லித்தியம் பேட்டரி பக்கம் போகவே இல்லை. இந்த வண்டிகளின் பழைய ரெகுலேட்டர்களை நம்பி அதை மாட்ட எனக்குத் துணிச்சல் கிடையாது.

பச்சை விளக்கை மட்டும் நம்பாமல், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சார்ஜரைக் கழற்றி ஓர் இரவு விட்டு, காலையில் வோல்ட்டேஜைப் பார்த்துவிட்டு, ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு மறுபடி பார்க்கிறேன். ஆர்டி 12.7-இல் தொடங்கி 12.1-க்கு இறங்கினால் நலம். 2025 ஜனவரியில் அது 10.8-க்கு விழுந்தது. நாலேகால் ஆண்டு உழைத்திருக்கிறது. முன்பெல்லாம் ஒன்றரை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டிருந்தேன். ஜாவாவின் பேட்டரி இன்னும் அதேதான்.

பவர் சப்ளையை நாள் முழுக்க ஓடவிடாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டு மாலையில் அணைப்பது அப்பாவின் பொறுப்பு. வோல்ட்டேஜ் திருகில் என் மனைவியின் நகப்பூச்சால் இரண்டு கோடுகள் போட்டிருக்கிறேன், ஒன்று 6.8-க்கு, மற்றது 6.65-க்கு. சித்திரை முதல் நாள் அப்பா அதைக் கீழ்க்கோட்டுக்குத் திருப்புவார், ஆடிக்காற்று அடிக்கத் தொடங்கியதும் மேல்கோட்டுக்குக் கொண்டுவருவார். கொட்டகைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஞாயிறுதோறும் பேட்டரியின் வோல்ட்டேஜைப் பென்சிலால் எழுதிவைக்கிறார். போன வாரத்து எண் 6.37.