கள் வினாகிரியில் மிதப்பது தாயா, பூஞ்சணமா?

பனங்கள் காலத்தில் தவறணையில் வாங்கும் கள்ளில் ஒரு பங்கை, முள்ளியவளையில் உள்ள எங்கள் வீட்டுக் குசினி மூலையில், வாய் அகன்ற கண்ணாடிச் சாடியில் ஊற்றி வெள்ளைச் சீலை கட்டி வினாகிரியாக்குவது வழக்கம். போன பருவத்தில் அதே முறையில் கள் வைத்திருந்த பக்கத்து வீட்டு மாமி, மூன்றாம் கிழமை சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “பிள்ளை, மேலே என்னவோ மிதக்குது, பழுதாப் போச்சு போல. கிணற்றடியில ஊத்திவிடட்டோ?” என்று கேட்டார். ஊற்றியிருந்தால் நல்ல வினாகிரி ஒன்று வீணாகியிருக்கும்.

அவருடைய சாடியில் மிதந்தது வினாகிரித் தாய். கொதிநீரில் கழுவிய கரண்டியின் காம்பால் ஓரத்தை மெல்லத் தூக்கினேன். இளநீர் வழுக்கலைப் போல, ஒளி ஊடுருவும் மங்கல் வெள்ளையில், கிழியாமல் ஒரே தகடாக எழும்பி, விட்டவுடன் வழுக்கிக்கொண்டு திரும்பப் படிந்தது. கள்ளில் உள்ள மதுசாரத்தை ஒட்சிசனின் துணையோடு அசற்றிக்கமிலமாக்கும் பற்றீரியாக்கள், காற்றுக்கு அருகில் நிற்பதற்காகச் செலுலோசால் நெய்துகொள்ளும் பாய் அது. வினாகிரி உண்டாவதற்கு உயிருள்ள இந்த ஆடையே காரணம் என்பதை 1864இல் லூயி பாஸ்டர் விளக்கினார். பிலிப்பைன்ஸில் இதே வகைச் செலுலோசைத் தேங்காய் நீரில் தடிப்பாக வளர்த்து, ‘நாட்டா டி கோகோ’ என்ற தின்பண்டமாக உண்கிறார்கள். சாடியை அசைத்தால் தாய் அடியில் அமிழ்ந்துவிடும், சில நாட்களில் மேலே புதியது படரும். அடியில் கிடப்பதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

தாயோடு பெரிதும் குழப்பிக்கொள்ளப்படுவது மதுவ ஆடை, அதாவது மதுவம் (ஈஸ்ட்) மேலே படர்ந்து உண்டாகும் படலம். இதுவும் வெள்ளை, இதுவும் மேற்பரப்பு முழுவதையும் மூடும், ஆகவே நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. தொட்டுப் பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும்: தாய் ஈரமாக, வழுவழுப்பாக, ஒரே துண்டாக வரும், மதுவ ஆடையோ மாவைத் தூவியதுபோல வறண்டு, நாட்பட நாட்பட நுண்ணிய சுருக்கங்கள் விழுந்து, கரண்டி பட்டதும் செதில் செதிலாக உடைந்து கலங்கும். மணமும் உதவும். தாய் உள்ள சாடியைத் திறந்தால் புளிப்பு மூக்கில் ஏறும், மதுவ ஆடை படர்ந்ததிலோ ஊறிய மாவின் மணம் மேலோங்கி நிற்கும். அது உடலுக்குத் தீங்கு செய்வது அரிது. ஆனாலும் மதுசாரத்தையும் அமிலத்தையும் அதுவே தின்பதால் வினாகிரி நாளுக்கு நாள் சப்பென்று போய்விடும். அமிலம் குறைந்த இடத்தில் பூஞ்சணம் எளிதாகக் குடியேறும். மதுவ ஆடையை முழுதாக வழித்தெடுத்து, நாலில் ஒரு பங்கு பழைய வினாகிரியைச் சேர்த்து அமிலத்தைக் கூட்டுவதே நான் செய்வது. முதல் நாளிலேயே பழைய வினாகிரியைச் சேர்ப்பது அதைவிடச் சிறந்தது.

பூஞ்சணத்தைப் பற்றி நெடுக எழுத வேண்டியதில்லை. அது வட்டப் புள்ளிகளாகத் தொடங்கும், பஞ்சுபோல மயிர் எழும்பி நிற்கும், பச்சையாகவோ கறுப்பாகவோ நிறம் மாறும். நனையாமல் மேலே நிற்கும் தாயின் முதுகிலும் அது பிடிக்கலாம். புள்ளியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தை அச்சாறுக்கு எடுப்பவர்களை எனக்குத் தெரியும், அது தவறு. பங்கசின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஆடைக்குள் ஓடியிருக்கும், அது விடும் நஞ்சு திரவத்திலும் கலந்திருக்கக்கூடும். சாடியோடு முழுவதையும் கொட்டத்தான் வேண்டும்.

பழுப்பு நிறத்தில் தனித்தனியாக மிதக்கும் நூல்கள் பன்னாடையில் வடித்தபோது வந்த நார்கள், அல்லது பாளை சீவிய துகள்கள். வெளிநாட்டில் வீட்டிலேயே பியர் வடிக்கும் என் மருமகன், புளித்து முடிந்த பியரில், அதற்கு மணமும் கசப்பும் தரும் ஹொப் பூவை ஊறவிட்ட பின் பச்சைத் துகள்கள் மிதக்கின்றன என்று படம் அனுப்பியபோதும் இதையேதான் சொன்னேன்: வளராமல், பரவாமல், நாளடைவில் கீழே இறங்கினால் அது வெறும் செடித்துணுக்கு. அசைத்தால் மேகம்போல எழும்பி மறுபடி அடியில் படியும் சாம்பல் வெள்ளை மண்டி, வேலை முடிந்த மதுவம்.

கடைசியாக ஒன்று, அதைக் கண்டவர்கள் அருவருத்துச் சாடியையே உடைக்கப் பார்ப்பார்கள். இருட்டில் சாடியின் பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். திரவம் கண்ணாடியைத் தொடும் மேல் விளிம்பில், ஒன்று இரண்டு மில்லிமீற்றர் நீளமான மெல்லிய நூல்கள் நெளிந்துகொண்டிருந்தால், அவை வினாகிரிப் புழுக்கள். பியேர் போரெல் 1656இலேயே இவற்றைக் கண்டு எழுதியிருக்கிறார். நார் தானாக நெளியாது, ஆகையால் இங்கே மயக்கத்துக்கு இடமில்லை. பற்றீரியாவையும் மதுவத்தையும் தின்று வாழும் இவை மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. ஆயினும் புழு நெளியும் வினாகிரியை எவரும் கறியில் விடமாட்டார்கள் என்பதால், நாலு மடிப்புச் சீலையில் வடித்து, எனாமல் சட்டியில் 60 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே சூடாக்கி, ஆறியதும் போத்தலின் கழுத்துவரை நிரப்பி இறுக மூடிவிடுகிறேன். அலுமினியச் சட்டியை அமிலம் அரிக்கும், அதைத் தொடவேண்டாம். சூடாக்கினால் தாயும் செத்துப்போகும், ஆகவே அடுத்த சாடிக்கு வேண்டிய தாயைப் புழு இல்லாத சாடியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாமி இந்தப் பருவத்துக்கு என்னிடம்தான் வாங்கிப் போனார்.