தனியாக வந்த பிள்ளைக்கு யார் துணை? இத்தாலியும் அமெரிக்காவும்

வேறு நாட்டிலிருந்து பெற்றோர் துணையின்றி வரும் எந்தச் சிறுவரையும் எல்லையிலேயே திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது இத்தாலியின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். அமெரிக்காவில் 2008-இல் வந்த சட்டப்படி, பிடிபட்ட பிள்ளையை 72 மணி நேரத்துக்குள் சுகாதாரத் துறையின் பராமரிப்பில் ஒப்படைக்க வேண்டும். ஆனால் மெக்சிகோ, கனடா பிள்ளைகளை விசாரித்துவிட்டு உடனே திருப்பி அனுப்பவும் வழி உண்டு.

பெரிய வேறுபாடு அதற்குப் பிறகுதான். இத்தாலியில் பயிற்சி பெற்ற சாதாரணக் குடிமக்களைச் சிறார் நீதிமன்றம் பாதுகாவலராக நியமிக்கிறது. ஒருவர் பொறுப்பில் பொதுவாக 3 பிள்ளைகளுக்கு மேல் இல்லை. பள்ளி, மருத்துவம், புகலிட மனு என எதற்கும் பிள்ளையின் பக்கம் நிற்க ஒரு பெரியவர் இருக்கிறார். அமெரிக்காவில் பெரும்பாலான பிள்ளைகள் பெற்றோரிடமோ உறவினரிடமோ போய்ச் சேருகிறார்கள், அது நல்லதே. ஆனால் நாடுகடத்தல் வழக்கில் அரசுச் செலவில் வக்கீல் பெறும் உரிமை இல்லை. அரசு வக்கீலுக்கு எதிரே 5 வயதுக் குழந்தைகூடத் தனியாக நிற்க நேரலாம். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

18 வயது நிறைந்தால்? இத்தாலியில் நீதிமன்றம் 21 வயது வரை ஆதரவை நீட்டிக்கலாம். அமெரிக்காவில் குடியேற்றத் துறையின் தடுப்புக் காவலுக்கு மாற்றப்படும் ஆபத்து உண்டு.

என் தேர்வு இத்தாலிதான். ஆனால் அங்கும் 2023-இல் ஒரு சறுக்கல்: இடமில்லாதபோது 16 வயதைத் தாண்டியவர்களைப் பெரியவர்களுக்கான முகாம்களில் தற்காலிகமாக வைக்க அனுமதித்துவிட்டார்கள்.