வெளிநாட்டுப் பையில் எது: யுனிவர்சல் அடாப்டரா, 65 வாட் சார்ஜரும் பிளக் மாற்றியுமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பல நாட்டு பின்களும் ஒன்றில் அடங்கிய யுனிவர்சல் அடாப்டரும் சரி, தனிப் பிளக் மாற்றியும் சரி, சாக்கெட்டில் வரும் மின்னழுத்தத்தை மாற்றாது. பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும். லேப்டாப் சார்ஜரில் ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருந்தால் கவலையில்லை. அந்த நாட்டின் மின்னழுத்தம் வேறாக இருந்தால், ஒரே மின்னழுத்தத்துக்கான ஹேர் டிரையரை இரண்டிலும் செருகக் கூடாது.

வேகம்:
யுனிவர்சல் – மலிவான மாடல்களின் யுஎஸ்பி-சி போர்ட் 20–30 வாட் தரும். கோட் கம்பைல் போன்ற கனமான வேலை ஓடும்போது லேப்டாப் பேட்டரி ஏறாது, இறங்கும்.
65 வாட் சார்ஜர் (காலியம் நைட்ரைடு வகை) – ஒரு போர்ட்டில் முழு 65 வாட். போனையும் செருகினால் பெரும்பாலும் 45+20 ஆகப் பிரியும். அந்த நொடியில் லேப்டாப் சார்ஜிங் ஒருமுறை அறுந்து ஒட்டும். 60 வாட்டுக்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் கேபிள் அவசியம். சாதாரண கேபிள் 60-லேயே நின்றுவிடும்.

பிடிப்பு:
யுனிவர்சல் – கனம். தளர்ந்த சுவர் சாக்கெட்டிலிருந்து இரவில் நழுவும்.
மாற்றி – சிறியது, ஆனால் அறையிலேயே மறந்துவிட்டு வருவது இதைத்தான். இரண்டு வாங்குங்கள்.

எர்த்:
இரண்டிலும் பொதுவாகக் கிடையாது. உலோக உடல் லேப்டாப்பில் லேசாகச் சுரீரென்றால் காரணம் இதுதான்.

ஒரே பயணத்தில் நான்கைந்து நாடுகள், லேப்டாப்பின் சொந்தச் சார்ஜரும் கூட வருகிறது என்றால் ஃபியூஸ் உள்ள யுனிவர்சல். ஒரே நாட்டில் மாதக்கணக்கில் தங்கி வேலை என்றால் சார்ஜரும் மாற்றியும்.