வாக்குத்தத்த வசனப் பெட்டி: வாங்கலாமா?

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே இரண்டு விரல் அகலத்துக்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் வாக்குத்தத்தமாக, அதாவது தேவன் கொடுக்கும் வாக்காக, ஒரு வேத வசனம். காலையில் ஜெபித்துவிட்டு ஒன்றை உருவி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இது பரிசாக வந்தது. யார் அச்சிட்டது என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கீழே நான் சொல்லும் குறைகள் அந்த ஒரு பெட்டிக்கு மட்டுமானவை இல்லை, நான் பார்த்த வேறு சில பெட்டிகளிலும் இதே கதைதான்.

பொருளாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. அட்டை தடிமனாக இருக்கிறது, தினமும் எடுத்து எடுத்து வைத்தாலும் முனை மடங்கவில்லை, மூடி நன்றாகப் பொருந்துகிறது. எழுத்து பெரிது, கண்ணாடி இல்லாமலே வயதானவர்கள் வாசிக்கலாம். ஆனால் அதிகாரமும் வசன எண்ணும் மட்டும் ஓரத்தில் எறும்பு மாதிரி பொடி எழுத்தில் இருக்கின்றன. சின்ன விஷயம்தானே என்று தோன்றும். இந்தப் பெட்டியின் முக்கியக் குறையே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கருத்து, ஏனென்றால் அந்த எண்ணைப் பார்த்து வேதாகமத்தைத் திறந்தால்தான் அட்டை எதை விட்டுவிட்டது என்பது தெரியவரும்.

உதாரணத்துக்கு எபிரெயர் 13:5. "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்று அட்டையில் இருக்கிறது, அழகான வசனம், எத்தனையோ பேரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் அது வசனத்தின் பின்பாதி. பண ஆசை இல்லாமல் நடங்கள், இருப்பது போதும் என்று எண்ணுங்கள் என்று முன்பாதி சொல்கிறது, அதற்குக் காரணமாகத்தான் அந்த வாக்கு வருகிறது. கர்த்தர் கைவிடமாட்டார், ஆகவே பணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால் அது மாதக் கடைசிக்கும் பேசுகிறது. பாதியை மட்டும் வாசித்தால் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது.

அடுத்தது யோபு 8:7. துவக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு சம்பூரணமாக இருக்கும் என்ற வசனம். தொழில் தொடங்குகிறவர்கள், புதுவீடு புகுகிறவர்கள் எல்லாருக்கும் பிடித்தது. இதைச் சொன்னது யார் தெரியுமா? யோபுவைத் தேற்ற வந்த தோழர்களில் ஒருவரான பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற அந்த யோபுவிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதுதான் இப்படி ஆயிற்று என்கிற தோரணையில் பேசிய அதே வாயிலிருந்து வந்த பேச்சு இது, நடுவில் மூன்றே வசனம்தான் தள்ளி. கடைசி அதிகாரத்தில், நீங்கள் என்னைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று எலிப்பாசையும் அவன் தோழர்கள் இருவரையும் தேவன் கடிந்துகொள்கிறார், அந்த இருவரில் பில்தாத்தும் ஒருவர். சரி, யோபுவின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வதிக்கப்பட்டது உண்மைதான், அதையும் அதே அதிகாரம் சொல்கிறது. அதற்காகப் பில்தாத்தின் வார்த்தையை எடுத்து, "தேவன் உனக்குச் சொல்லும் வாக்கு" என்ற தலைப்பில் அச்சடிப்பது எந்த விதத்தில் நியாயம்? அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருவராவது அந்த அதிகாரத்தைத் திறந்து பார்த்திருக்கலாம்.

இனி எரேமியா 29:11. இது இல்லாத பெட்டியே இருக்காது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த வசனத்தை நான் குறை சொல்லவில்லை, முழுக் கதையோடு வாசித்தால் இதைவிடப் பலமான வசனம் பெட்டியிலேயே இல்லை என்றுகூடச் சொல்வேன். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய நிருபத்தில் இருக்கிறது இது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வருகிறார், அவரும் கர்த்தர் பெயரைச் சொல்லித்தான் பேசுகிறார்: இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துவிடும். சொன்னதோடு நிற்காமல், பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து எல்லார் முன்னிலையிலும் உடைத்தும் காட்டுகிறார். யாருக்குத்தான் அது பிடிக்காது! எரேமியாவே முதலில் ஆமென், அப்படியே ஆகட்டும் என்கிறார். அப்புறம் கர்த்தரிடமிருந்து உண்மையான வார்த்தை வருகிறது: எழுபது வருஷம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். நாற்பது வயதில் அதைக் கேட்ட ஒருவர் ஊர் திரும்பியிருக்க வழியே இல்லை. அப்படிப்பட்டவரிடம்தான் என் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்று தேவன் சொல்கிறார். அனனியாவின் இரண்டு வருஷம் நடக்கவில்லை, அவர் அந்த வருஷமே செத்தும் போனார்.

எழுபது வருஷம் என்பது பத்தாம் வசனத்தில் இருக்கிறது. அட்டையில் இல்லை. பத்தாம் வசனத்தை வெட்டிவிட்டுப் பதினோராம் வசனத்தை மட்டும் கையில் கொடுத்தால், எரேமியாவின் வார்த்தையை அனனியாவின் குரலில் வாசிப்போம். இன்றைக்கே, இந்த வாரமே, இந்த நேர்முகத் தேர்விலேயே என்று எதிர்பார்ப்போம். நடக்காவிட்டால் தேவன் ஏமாற்றிவிட்டார் என்று நினைப்போம், இல்லையென்றால் நம் விசுவாசம் போதவில்லை என்று நம்மையே அடித்துக்கொள்வோம்.

வாக்குத்தத்தத்தை நம்புவதுதான் கிறிஸ்தவ விசுவாசத்தின் அஸ்திவாரம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆபிரகாம் அதை எப்படி நம்பினார் என்று பாருங்கள். அழைக்கப்பட்டபோது அவருக்கு 75 வயது, வாக்குப்பண்ணப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் 25 வருஷம், அதில் காத்திராமல் வேலைக்காரி ஆகாரிடம் இஸ்மவேலைப் பெற்றது மாதிரி சறுக்கல்களும் உண்டு. அதுவாவது கடைசியில் நடந்தது. தேசத்தைப் பற்றிய வாக்கு? அத்தனை பெரிய தேசத்தைத் தருவேன் என்ற வாக்கைப் பெற்றவர் அந்தத் தேசத்தில் விலை கொடுத்துச் சொந்தமாக்கியதாக ஆதியாகமம் சொல்வது, மனைவியை அடக்கம்பண்ண 400 சேக்கல் வெள்ளிக்கு வாங்கிய மக்பேலா நிலத்தையும் அதிலிருந்த குகையையும்தான். ஆபிரகாமும் அவரைப் போன்றவர்களும் வாக்குப்பண்ணப்பட்டதை அடையாமலே, தூரத்தில் கண்டு, நம்பி, அணைத்துக்கொண்டு மரித்தார்கள் என்று எபிரெயர் 11:13 சொல்கிறது. அதையும் விசுவாசம் என்றுதான் சொல்கிறது, தோல்வி என்று சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தவர் எப்படிப்பட்டவர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, காத்திருக்க அது போதுமானதாக இருந்தது. 11:13 அட்டை இந்தப் பெட்டியில் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

குருட்டாம்போக்கில் ஒன்றை உருவுவது சரியா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் பெரிய ஆட்சேபணை இல்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில், சின்சென்டார்ஃப் பிரபு நடத்திய மொரேவியச் சபை என்ற கிறிஸ்தவச் சபையார் 1728 முதல் தினம் ஒரு வசனத்தைச் சபைக்குக் கொடுத்துவந்தார்கள், 1731 முதல் அது வருஷா வருஷம் புத்தகமாகவும் வருகிறது. இன்றும் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப்போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அதோடு பொருந்துகிற ஒரு புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆட்கள் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் வைக்கிறார்கள். அந்த இரண்டாவது வேலைதான் நம் பெட்டிகளில் இல்லை. உருவின அட்டை பிடிக்கவில்லை என்று உள்ளே போட்டுவிட்டு இன்னொன்றை உருவுகிற பழக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, செய்கிறவர்களுக்கே தெரியும்.

அப்படியானால் வாங்கலாமா? வாங்கலாம், பக்கத்தில் வேதாகமம் இருந்தால். நான் இப்போது பயன்படுத்தும் விதம் இதுதான்: அட்டையை எடுத்ததும் அந்த அதிகாரத்தைத் திறந்து முழுவதையும் வாசிக்கிறேன், யார் யாரிடம் சொன்னது, முன்னால் என்ன நடந்தது என்று பார்க்கிறேன், வாசித்து முடித்ததும் அட்டையையே அடையாளமாக அந்தப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். பெட்டி மெல்ல மெல்லக் காலியாகிறது, வேதாகமம் தடிக்கிறது. சிறுபிள்ளைகள் வசனம் மனப்பாடம் செய்யவும் நல்லது. ஆனால் யாராவது நோயில் படுத்திருந்தாலோ துக்கத்தில் இருந்தாலோ இதை மட்டும் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் "சகலவித வியாதியும் நீங்கும்" என்கிற மாதிரி ஒரு துண்டு கையில் வந்து, அப்படி நடக்கவும் இல்லையென்றால், அதை அவர்கள் தனியாகச் சுமக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதத்தை முழுசாக வாசித்துக் காட்டுங்கள், அதில் அழுது புலம்புகிற வரிகளையும் விடாமல்.

அச்சிடுகிறவர்களிடம் கேட்க எனக்கு மூன்று விஷயங்கள் உண்டு. வசன எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். பில்தாத்தை எடுத்துவிடுங்கள். அந்தக் காலி இடத்தில் யோவான் 16:33-ஐ வையுங்கள், உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு என்ற பகுதியையும் வெட்டாமல்.