காது ஜவ்வுல ஓட்டை இருந்தா எந்த சொட்டு? ஜென்டாமைசினா, ஆஃப்லாக்ஸசினா?

போன மழைக்கு சளி பிடிச்சு இடது காதுல சீழ் வடிய ஆரம்பிச்சப்ப வீட்ல பழைய ஜென்டாமைசின் சொட்டு பாட்டில் ஒன்னு கெடந்துச்சு, அதையே ஊத்திக்கலாம்னுதான் இருந்தேன். நல்லவேளை ஈஎன்டி டாக்டர்கிட்ட போறப்ப அதையும் கையோட எடுத்துட்டுப் போனேன். ஜவ்வுல ஓட்டை இருக்கு, இத தொடவே தொடாதீங்கன்னு சொல்லி ஆஃப்லாக்ஸசின் எழுதிக் குடுத்தாரு.

மொதல்ல போட்டியிலயே இல்லாதத ஒதுக்கிடுவோம். காய்ச்சின நல்லெண்ணெய், பூண்டு எண்ணெய், அழுக்கு ஊற வைக்கிற சொட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஓட்டைன்னு தெரிஞ்சா இது எதுவும் கிட்ட வரக்கூடாது.

இப்ப நெஜமான போட்டி. கிருமியக் கொல்ற வேலைய ரெண்டுமே பாக்கும். வித்தியாசம் மருந்து எங்க போய் நிக்குதுங்கறதுலதான். ஜவ்வு முழுசா இருந்தா சொட்டு வெளிக்காதோட நின்னுடும், ஓட்டை இருந்தா நேரா நடுக்காதுக்குள்ள எறங்கும், அங்கருந்து உள்காதுக்கு ரொம்ப மெல்லிசா ஒரு சவ்வுதான் தடுப்பு, அது வழியா மருந்து ஊறி உள்ள போகும். கேக்கறதுக்கும் பேலன்ஸுக்கும் உள்காதுல இருக்கற மயிர் செல் ஒருதடவ செத்தா திரும்ப மொளைக்காது. ஜென்டாமைசின், நியோமைசின், டோப்ராமைசின் எல்லாம் அத கொல்லக்கூடிய குடும்பம். இது சும்மா பயமுறுத்தல் இல்ல, மெனியர்ங்கற உள்காது நோய்ல தலசுத்தல் அடங்காதவங்களுக்கு டாக்டர்ங்க ஜென்டாமைசினதான் வேணும்னே நடுக்காதுல ஊசி போட்டு அந்தப் பக்கத்து பேலன்ஸ கொறைக்கறாங்க. அதனால இந்த சொட்டு போட்டு தலசுத்துது, நடக்கறப்ப தள்ளாடுதுன்னா அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டர பாருங்க, காது நல்லா கேக்குதேன்னு சும்மா இருந்துடாதீங்க.

ஜென்டாமைசின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. சீழ் நெறைய இருந்து உள்ள வீங்கிப் போயிருக்கறப்ப மருந்து அவ்ளோ சுலபமா உள்காதுக்கு போகாதுன்னு ரெண்டு வாரத்துக்கு மேல போகாம கொஞ்ச நாள் மட்டும் குடுக்கற டாக்டருங்க இருக்காங்க. ஆனா அது அவங்க காதப் பாத்துட்டு எடுக்கற முடிவு, நாமளா மெடிக்கல்ல கேட்டு வாங்கி காது காஞ்சப்புறமும் ஊத்திட்டே இருக்கறதுக்கு சொன்னது இல்ல.

ஆஃப்லாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் ரெண்டுக்கும் இந்த உள்காது பிரச்சன இல்ல. அமெரிக்க ஈஎன்டி டாக்டர்கள் சங்கத்தோட நிபுணர் குழுவே 2004-ல, நடுக்காது தொறந்திருந்தா முடிஞ்சவரைக்கும் உள்காத பாதிக்காத சொட்டுதான்னு சொல்லிடுச்சு. ரெண்டுல எனக்கு ஆஃப்லாக்ஸசின்தான் தேவல, சிப்ரோ கொஞ்சம் அமிலத்தன்ம உள்ளது, சிலருக்கு எரியும். ஆஃப்லாக்ஸசின் தொண்டைக்கு எறங்கி கசக்கும், மொத நாள் பயந்துட்டேன், அப்புறம்தான் புரிஞ்சுது ஓட்டை வழியா ஒழுங்கா உள்ள போகுதுன்னு. பாட்டில ரெண்டு நிமிஷம் உள்ளங்கையில வச்சு சூடாக்கிட்டு போடுங்க, ஜில்லுனு விட்டா எந்த மருந்தா இருந்தாலும் தல கிர்ர்னு சுத்தும்.

ஸ்டீராய்டு சேந்த சொட்டு நான் போட்டதில்ல, உள்ள சத வளந்திருந்தா அது நல்லா வேலை செய்யும்னு டாக்டர் சொன்னாரு, அவ்ளோதான் என்னால சொல்ல முடியும். ஆனா அந்த வகையில நியோமைசின் சேந்ததும் விக்குது, அட்டையில பொடி எழுத்துல இருக்கும், பாத்து வாங்குங்க.

இன்னொன்னு, ஆஃப்லாக்ஸசின் நல்லதுன்னு மாசக்கணக்கா ஊத்தினா காதுல பூஞ்ச வந்துடும், சொன்ன நாளோட நிறுத்திடணும். அறை வாங்கியோ பட்ஸ் குத்தியோ கிழிஞ்சு, சீழே இல்லாம காஞ்சு கெடக்கற காதுக்கு பெரும்பாலும் சொட்டே வேணாம், தண்ணி படாம பாத்துக்கிட்டா பல பேருக்கு சில வாரத்துல தானா மூடிக்கும். தலைக்கு குளிக்கறப்ப பஞ்சுல வாசலின் தடவி காத அடைச்சுக்கங்க, நான் இன்னிக்கும் அப்படித்தான்.