தி வேனிஷிங் ஆஃப் ஈதன் கார்ட்டர்: தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் எப்படி ஓடுகிறது?

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினி வைத்திருப்பவர்கள், காட்சியழகுக்குப் பேர்போன விளையாட்டுகளைப் பார்த்ததுமே நமக்கு இது ஆகாது என்று ஒதுங்கிவிடுவது வழக்கம். அப்படி ஒதுக்கத் தேவையில்லாத ஒன்று, போலந்தைச் சேர்ந்த தி ஆஸ்ட்ரோநாட்ஸ் என்ற சிறிய குழு 2014 செப்டம்பரில் வெளியிட்ட ‘தி வேனிஷிங் ஆஃப் ஈதன் கார்ட்டர்’. பால் பிராஸ்பெரோ என்ற, கண்ணுக்குப் புலப்படாதவற்றை உணரும் ஆற்றல் கொண்ட துப்பறிவாளராக, ஆளரவமற்ற ரெட் கிரீக் பள்ளத்தாக்கில் காணாமற்போன ஒரு சிறுவனைத் தேடி நடப்பதே இந்த விளையாட்டு. சுடுவதற்குத் துப்பாக்கி கிடையாது; நேரத்தோடு போட்டியிட்டு ஓடவேண்டிய கட்டாயமும் அநேகமாக இல்லை. நடப்பது, நின்று பார்ப்பது, பார்த்தவற்றை ஒன்றோடொன்று பொருத்துவது, இவ்வளவுதான் வேலை. எளிய கணினிக்கு இது ஏன் ஏற்றது என்பதற்கான முதல் காரணமும் இதுவே.

நான் இதை விளையாடியது இன்டெல் கோர் ஐ5-7200யு சிப்பும், அதற்குள்ளேயே அமைந்த எச்.டி. 620 கிராஃபிக்ஸும், 8 ஜி.பி. ரேமும், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள மடிக்கணினியில். முதல் பதிப்புக்குக் கேட்கப்படும் குறைந்தபட்சத் தகுதி கோர் 2 டுவோ சிப், 4 ஜி.பி. ரேம், 512 எம்.பி. கிராஃபிக்ஸ் நினைவகம், டிஸ்க்கில் 9 ஜி.பி. இடம். எண்களைப் பார்த்தால் என் கணினி தாராளமாகத் தேறிவிடும். ஆனால் குறைந்தபட்சத் தகுதி என்பது விளையாட்டு திறக்கும் என்பதற்கான உத்தரவாதமே அன்றி, பார்க்கும்படி ஓடும் என்பதற்கானது அல்ல. ஆகவே எதைக் குறைப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது.

இந்த விளையாட்டின் பாறைகளும் சுவர்களும் மரத்தண்டுகளும் பெரும்பாலும் போட்டோகிராமெட்ரி முறையில் உருவானவை. ஓர் உண்மையான பாறையைச் சுற்றிச் சுற்றிப் பல கோணங்களில் படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்தே மென்பொருள் அதன் வடிவத்தையும் மேற்பரப்பையும் கட்டியெழுப்பும் முறை அது. விளையாட்டில் வரும் அணைக்கும் தேவாலயத்துக்கும் போலந்தின் பில்கோவிட்சே அணையும், கர்பாச் ஊரில் உள்ள வாங் மரத் தேவாலயமும் மூலங்கள். கதையில் துப்பு எதுவும் இல்லாத ஒரு கல்லின் அருகே போய்க் குனிந்து பார்த்தாலும், பாசி படிந்த பக்கமும், மழைநீர் வழிந்து கறுத்த கோடும், உடைந்த விளிம்பின் வெளிறிய நிறமும் தனித்தனியே தெரிகின்றன. இந்த நுணுக்கம் முழுவதும் டெக்ஸ்சரில், அதாவது பொருள்களின் மேற்பரப்பில் போர்த்தப்படும் படத்தில், இருக்கிறது. வேகம் போதவில்லை என்றதும் எல்லா அமைப்புகளையும் ஒட்டுமொத்தமாகக் கீழே இறக்குபவர்கள் முதலில் பலிகொடுப்பது இதைத்தான். மேலும், டெக்ஸ்சர் தரத்தை உயர்த்தினால் கூடுவது பெரும்பாலும் நினைவகத்தின் பங்கே. கிராஃபிக்ஸ் சிப்பின் கணக்குப்போடும் வேலை அதனால் அவ்வளவாகப் பெருகுவதில்லை. ஆகையால் பிரவுசரையும் பின்னணியில் ஓடும் பிறவற்றையும் மூடிவிட்டு, டெக்ஸ்சரை உயர்நிலையிலேயே விட்டுவைத்து, நிழலின் தரத்தையும் ரெசல்யூஷனையும் (திரையில் வரையப்படும் புள்ளிகளின் எண்ணிக்கை) குறைப்பதே சரியான வரிசை என்பேன்.

ரெசல்யூஷனில் கிடைக்கும் ஆதாயத்தைக் கணக்காகவே பார்க்கலாம். 1920×1080 அளவில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றுக்கு, ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகளை வரையவேண்டும்; 1280×720 அளவில் 9.2 லட்சம் போதும், அதாவது பாதிக்கும் குறைவு. தூரத்து மரங்களின் ஓரங்கள் சற்று மங்குகின்றன என்பது உண்மைதான். பனிமூட்டமும் மாலை வெயிலும் நிறைந்த இந்தப் பள்ளத்தாக்கில் அந்த மங்கல் உறுத்தவில்லை.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இந்த உலகில் சூரியன் நகர்வதில்லை. அசையாத பொருள்கள்மீது விழும் ஒளியும் அவற்றின் நிழலும் பெரும்பாலும் முன்கூட்டியே கணக்கிடப்பட்டு, மேற்பரப்புகளிலேயே பதியவைக்கப்பட்டிருக்கின்றன. கூட்டமாக நடமாடும் பாத்திரங்களும் இல்லை. திறந்தவெளி விளையாட்டு என்றாலே சிப்பைப் பிழிந்தெடுக்கும் இரண்டு வேலைகள் இங்கே இல்லாததால்தான் இவ்வளவு அழகு இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது.

திணறல் எங்கே வருகிறது என்றால், இலைகளில். சுரங்கப்பாதையின் இருட்டிலிருந்து வெளியே வந்து காட்டுப்பாதையில் கால்வைத்ததும் ஃபிரேம் எண்ணிக்கை சரிவதைக் கண்ணாலேயே உணரலாம். ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய ஒளிபுகும் இலைகளும் புற்களும் ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்ப வரையவைக்கின்றன. நிலத்தைப் பார்த்து நடந்தால் சற்றுத் தேறும், புதர்ப்பக்கம் திரும்பினால் மறுபடியும் சரியும். ரயில் பாலத்தின்மேல் நின்று பள்ளத்தாக்கு முழுவதையும் பார்க்கும்போது இன்னும் மோசமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் தூரத்துக் காட்டைவிட முகத்தருகே உள்ள புதர்தான் கணினியை அதிகம் வாட்டுகிறது. பிற்பகுதியில் வரும் சுரங்கத்திலோ இலையே கிடையாது. அங்கே கணினி மூச்சுவிட, விளையாடுபவருக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு நான் கண்ட தீர்வு, வேகத்தை நொடிக்கு 30 ஃபிரேமில் கட்டிவைப்பது. 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லிநொடிதான் அவகாசம். 30 என்றால் 33.3 மில்லிநொடி. சில இடங்களில் 50 வரை ஏறிப் புதரைக் கண்டதும் 30-க்கு வீழும் ஓட்டத்தைவிட, ஒரே சீராக 30-இல் நிற்கும் ஓட்டம் கண்ணுக்கு இதமானது; நிதானமாக நடக்கவேண்டிய விளையாட்டில் அதற்குமேல் தேவைப்படுவதும் இல்லை. ரிவாட்யூனர் போன்ற இலவசக் கருவியால் இதைச் செய்துவிடலாம். இன்னொரு பலனும் உண்டு. 7200யு போன்ற 15 வாட் சிப்பில் செயலியும் கிராஃபிக்ஸும் ஒரே மின்பங்கைப் பகிர்ந்துகொள்வதால், கட்டுப்பாடின்றி ஓடவிட்டால் சூடேறி வேகம் தானாகவே குறைந்துவிடும். கட்டிவைத்த பிறகு விசிறியின் இரைச்சலும் அடங்கியது. காற்றின் ஓசையையும் மெல்லிய இசையையும் நம்பியிருக்கும் விளையாட்டில் இது சிறிய ஆறுதல் அல்ல.

ரேம் வாங்கப்போகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கெனத் தனி நினைவகம் இல்லை. கணினியின் ரேமையே அதுவும் பயன்படுத்துகிறது. டி.டி.ஆர்.4-2400 வகையில் ஒற்றை ரேம் நொடிக்கு 19.2 ஜி.பி. தரவைத்தான் கடத்தும், இரண்டை இணையாகப் பொருத்தினால் 38.4 ஜி.பி. ஆகும். அமைப்புகளில் எதை மாற்றினாலும் கிடைக்காத முன்னேற்றம் அந்த இரண்டாவது ரேமில் கிடைக்கக்கூடும்.

முதல் பதிப்பு, விளையாட்டுகளை உருவாக்கி இயக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சின் 3-இல் அமைந்தது. 2015-இல் அதையே அன்ரியல் எஞ்சின் 4-க்கு மாற்றி, ‘ரீடக்ஸ்’ என்ற பெயரில், முதல் பதிப்பைக் கணினியில் வாங்கியிருந்தவர்களுக்கு விலையின்றித் தந்தார்கள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ளவர்கள் யோசிக்காமல் ரீடக்ஸுக்குப் போகலாம். உள்ளமைந்த கிராஃபிக்ஸை நம்பியிருப்பவர்கள் பழைய பதிப்பிலேயே இருப்பது நல்லது: புதிய எஞ்சின் கூடுதல் சுமையை ஏற்றுகிறது, பழையதன் காட்சியோ இன்றைக்கும் சோடைபோகவில்லை.

பழைய பதிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் சேமிப்பு முறையை மட்டும் அறிந்திருக்கவேண்டும். விரும்பிய இடத்தில் நிறுத்திச் சேமிக்க அதில் வழியில்லை. ஒரு புதிரை முடிக்கும்போதுதான் விளையாட்டு தானாகச் சேமித்துக்கொள்ளும். பேட்டரி தளர்ந்த மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைச் செருகிவிட்டே உட்காருங்கள். பாதிப் புதிரில் திரை அணைந்தால் அந்தப் பாதியையும் மறுபடி நடக்கவேண்டியிருக்கும்.