ஐந்தாண்டுக்கு மேல் ஆன பிறகு: பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் பழைய கேம்கள்

பிஎஸ்5 சிங்கப்பூர்க் கடைகளுக்கு வந்தது 2020 நவம்பர் 19. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அதற்கு ஒன்பது நாள் முந்திக்கொண்டது. இரண்டிலும் பழைய கேம்களை வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: சிப் எவ்வளவு வேகம் என்பது இரண்டாம் பட்சம். டிஸ்க் போட இடம் உண்டா, அந்த டிஸ்க் எந்த ரீஜனுக்கு அச்சானது, உங்கள் கணக்கு எந்த நாட்டில் பதிவானது, இந்த மூன்றும்தான் பழைய கேம் முழுதாக ஓடுமா என்பதை முடிவு செய்கின்றன. நம் ஊரில் இந்த மூன்றிலுமே சறுக்குகிறார்கள். சிம் லிம் ஸ்குவேரிலும் கேரோசலிலும் அமெரிக்க, ஐரோப்பிய, ஆசியப் பதிப்புகள் ஒன்றோடொன்று கலந்தே விற்பனைக்குக் கிடக்கின்றன.

முதலில் டிரைவ். பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷனில் டிஸ்க் டிரைவ் கிடையாது. 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோவிலும் கிடையாது. தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். அந்தக் கழற்றி மாட்டும் டிரைவ் ப்ரோவுக்கும் ஸ்லிம் மாடலுக்கும் பொருந்தும், 2020-இல் வந்த முதல் டிஜிட்டல் எடிஷனுக்குப் பொருந்தாது. முதல்முறை மாட்டும்போது இணைய இணைப்பு இல்லாமல் அது வேலை செய்யாது. எக்ஸ்பாக்ஸ் பக்கம் சீரிஸ் எஸ்ஸில் டிரைவ் இல்லை. 2024 அக்டோபரில் வந்த வெள்ளை சீரிஸ் எக்ஸிலும் இல்லை. அலமாரியில் முப்பது பிஎஸ்4 டிஸ்க்கை வைத்துக்கொண்டு விலை குறைவு என்று டிரைவ் இல்லாத மாடலை வாங்கினால், அந்த முப்பதும் வெறும் பிளாஸ்டிக்தான்.

பிஎஸ்4 கேம்கள் பிஎஸ்5-இல் ஏறக்குறைய எல்லாமே ஓடும். ஓடாதவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு இயந்திரத்திலும் உள்ளே இருப்பது ஏஎம்டியின் ஒரே வகைச் சிப். பிஎஸ்4-க்கு எழுதிய நிரலை மொழிபெயர்க்க வேண்டிய வேலையே இல்லை. சிக்கல் வருவது கேமோடு சேர்ந்த மற்றவற்றில்.

டிஎல்சி என்கிற கூடுதல் பகுதிகளை எடுத்துக்கொள்வோம். டிஸ்க்கின் ரீஜனும் டிஎல்சி வாங்கிய கடையின் ரீஜனும் ஒன்றாக இருந்தால்தான் அது டிஸ்க்கோடு ஒட்டும். சிங்கப்பூர்க் கணக்கு ஆர்3, அதாவது ரீஜன் 3 என்னும் ஆசியப் பகுதியைச் சேர்ந்தது. ஐரோப்பிய ஆர்2 டிஸ்க்கை மலிவாக வாங்கிவிட்டு, சிங்கப்பூர்க் கடையில் டிஎல்சிக்குப் பணம் கட்டினால், அது இறங்கும், இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கேமுக்குள் மட்டும் தலைகாட்டாது. கடையில் டிஸ்க்கைக் கையில் எடுத்ததும் பெட்டியின் முன்பக்க மூலையைப் பாருங்கள். பெரிய ஆங்கில எழுத்தில் ஈஎஸ்ஆர்பி தரமுத்திரை இருந்தால் அமெரிக்கப் பதிப்பு. வண்ணக் கட்டத்துக்குள் 12, 16, 18 என்று பெகி எண் இருந்தால் ஐரோப்பியப் பதிப்பு. ஆசியப் பதிப்பில் பின்பக்கம் ரீஜன் 3 குறி இருக்கும். உள்ளூர் எம்18 வில்லையை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள்; அது வயது வரம்பைச் சொல்கிறது, டிஎல்சி எந்தக் கடையிலிருந்து வர வேண்டும் என்பதைச் சொல்லாது.

ஆட்டத்தில் எட்டிய இடத்தைக் காக்கும் சேவ் கோப்புகளும் பல கேம்களில் இதே மாதிரிதான். டிஸ்க்கில் கூசா (CUSA) என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. ரீஜனுக்கு ரீஜன் அது மாறும். ஆர்3 டிஸ்க்கில் அறுபது மணி நேரம் ஆடியவர், அது கீறிப்போனதால் ஆர்2 டிஸ்க் வாங்கினால், அவருடைய சேவ் பட்டியலில் இருக்கும். புது டிஸ்க் அதைக் கண்டுகொள்ளாது. மாற்று டிஸ்க் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் டிஸ்க் மேற்புறத்தின் படம் கேட்டு, எண்ணை ஒப்பிட்ட பிறகே வெள்ளியைக் கொடுங்கள்.

பிஎஸ்4-இலிருந்து சேவ் கோப்பைக் கொண்டுவர மூன்று வழி: பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் கிளவுட், வீட்டு நெட்வொர்க், அல்லது யுஎஸ்பி. சந்தா இல்லாதவருக்கு யுஎஸ்பிதான் கைகண்ட வழி. எக்ஸ்ஃபேட் வகையில் ஃபார்மேட் செய்த தம்ப் டிரைவை பிஎஸ்4-இல் செருகி, செட்டிங்ஸில் அப்ளிகேஷன் சேவ்டு டேட்டா மேனேஜ்மென்ட்டுக்குப் போய், யுஎஸ்பிக்குக் காப்பி செய்யுங்கள். பிஎஸ்5-இல் சேவ்டு டேட்டா பகுதிக்குள் பிஎஸ்4 என்று தனியாகக் காட்டும் இடத்துக்குப் போய் உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே கணக்கு இருக்க வேண்டும். பிஎஸ்4-ஐ விற்றுவிட்டுப் பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடக் கூடாத வேலை இது. கேம்களையும் சேர்த்து மாற்றுவதானால் டேட்டா டிரான்ஸ்ஃபர் இருக்கிறது. இரண்டு இயந்திரத்தையும் லேன் கேபிளால் ஒரே ரவுட்டரில் இணைத்து, பிஎஸ்5 கேட்கும்போது பிஎஸ்4-இன் பவர் பொத்தானை பீப் சத்தம் வரும்வரை ஒரு நொடி அழுத்த வேண்டும். வைஃபையில் விட்டால் ராத்திரி முழுக்க ஓடும்.

பிஎஸ்4 கேம்களை உள் எஸ்எஸ்டியில் வைத்து இடத்தை வீணாக்க வேண்டியதில்லை. 250 ஜிபி முதல் 8 டிபி வரையுள்ள வெளி டிரைவ் போதும். அங்கிருந்தே நேராக ஓடும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கைவிட யுஎஸ்பி எஸ்எஸ்டி நல்லது, காத்திருப்பு வெகுவாகக் குறையும். டிரைவை ஏற்க மறுக்கிறது என்ற புகாரில் பாதிக்குக் காரணம் செருகிய இடம். 2020 மாடலின் முன்பக்கத்து அகலமான யுஎஸ்பி துளை மெதுவானது, இதற்கு உதவாது. பின்பக்கத் துளையில் செருகுங்கள், நடுவில் ஹப் வைக்காதீர்கள்.

படத்தின் தரத்தில் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்வது நல்லது. நொடிக்கு 30 ஃபிரேமில் பூட்டப்பட்ட பிஎஸ்4 கேம், புதிய இயந்திரத்திலும் 30-தான், தடுமாறாமல் 30. பூட்டு இல்லாதவை 60-ஐத் தொடும். இதற்கு நல்ல உதாரணம் 2016-இல் வந்த 'தி லாஸ்ட் கார்டியன்'. முதலில் அச்சான டிஸ்க்கில் பூட்டு இல்லை, பின்னால் வந்த அப்டேட் 30-இல் பூட்டியது. பிஎஸ்5-இல் இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஏற்கெனவே இருக்கும் கேமை அழித்து, டிஸ்க்கிலிருந்து மட்டும் நிறுவினால் 60 ஃபிரேமில் ஓடுகிறது. கேமில் வரும் இறகுள்ள பெரிய பிராணி கோபுரத்துக்குக் கோபுரம் தாவும்போது இறகுகள் அசைவதைப் பாருங்கள், வித்தியாசம் அப்போது புரியும். இதற்குத் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைக்க வேண்டும். டிஜிட்டலில் வாங்கியவருக்கு இந்த வழி இல்லை. கடையிலிருந்து இறங்குவதே பூட்டிய பதிப்பு. டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த ஒரு கேம் போதும்.

இன்னொரு சிறிய அமைப்பு: பழைய கேம்களில் நிறம் வெளுத்துத் தெரிந்தால் டிவியைக் குறை சொல்லாதீர்கள். வீடியோ அவுட்புட்டில் ஹெச்டிஆர் (ஒளியையும் நிறத்தையும் விரிவாகக் காட்டும் முறை) எப்போதும் என்று இருக்கும். ஆதரிக்கும்போது மட்டும் என்று மாற்றினால் சாதாரண கேம் அதன் சொந்த நிறத்தில் வரும்.

எக்ஸ்பாக்ஸ் இதிலிருந்து முற்றிலும் வேறு வழியில் போகிறது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம்கள், கினெக்ட் கேமரா தேவைப்படுபவை நீங்கலாக, அப்படியே ஓடும். எக்ஸ்பாக்ஸ் 360 கேமும் முதல் எக்ஸ்பாக்ஸ் கேமும் அப்படியல்ல. அவற்றின் டிஸ்க் சீரிஸ் எக்ஸுக்கு ஒரு சாவி மட்டுமே. டிஸ்க்கைப் படித்து இன்ன கேம் என்று தெரிந்துகொண்டதும், அந்த இயந்திரத்துக்காகத் தனியாகக் கட்டிய பதிப்பை மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து இறக்குகிறது. ஆடும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும், ஆனால் கேம் ஓடுவது டிரைவிலிருந்து. இதனால் இரண்டு விளைவு. கட்டித் தரப்படாத கேம் ஓடவே ஓடாது. பட்டியலில் 360 கேம்கள் 600-க்கு மேல், முதல் எக்ஸ்பாக்ஸ் கேம்கள் 60 சொச்சம். 2021 நவம்பரில் 76 கேம்களைச் சேர்த்ததோடு பட்டியலை மூடிவிட்டார்கள். வாங்கும் முன் பட்டியலைப் பாருங்கள், இனி சேர்ப்பார்கள் என்று நம்பிக் காசைப் போடாதீர்கள். இரண்டாவது விளைவு நமக்குச் சாதகம்: கீறல் விழுந்த 360 டிஸ்க்கும் பெரும்பாலும் போதும், அடையாளம் தெரியுமளவு படிக்க முடிந்தால் சரி. 360-இல் பாதி வழியில் நின்றுபோகும் டிஸ்க்கைக் குப்பையில் போடுமுன் ஒருமுறை சீரிஸ் எக்ஸில் போட்டுப் பாருங்கள்.

360-இன் சேவ் கோப்பைக் கொண்டுவர, பழைய இயந்திரத்தில் ஸ்டோரேஜுக்குப் போய் கிளவுட் சேவ்டு கேம்ஸைத் திறந்து, ஹார்டு டிஸ்க்கிலிருக்கும் சேவ் கோப்பை அங்கே நகர்த்துங்கள். அதே கணக்கில் சீரிஸ் எக்ஸில் கேமைத் தொடங்கினால் சேவ் இறங்கும். கேமுக்குள்ளிருந்து 360-இன் பழைய மெனு வேண்டுமென்றால், கண்ட்ரோலரின் நடுவிலுள்ள வியூ, மெனு பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். இதைத் தெரியாமல் தவிப்பவர்கள் நிறைய.

எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம்கள் சிலவற்றுக்கு, நொடிக்கான ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டும் எஃப்பிஎஸ் பூஸ்ட் உண்டு. கேமின் மேல் நின்று மேனேஜ் கேம், அதற்குள் கம்பேட்டிபிலிட்டி ஆப்ஷன்ஸ் என்று போனால் அதுவும் ஆட்டோ ஹெச்டிஆரும் இருக்கும். சில கேம்களில் பூஸ்ட் போட்டால் தெளிவுத்திறன் குறையும், அதனால் சீரிஸ் எக்ஸில் அதை அணைத்தே அனுப்பியிருக்கிறார்கள். ஓட்டமும் சுடுதலும் உள்ள கேமுக்குப் போட்டுக்கொள்ளலாம். நின்று நிதானமாகச் சுற்றிப் பார்க்கும் கேமுக்கு அணைத்தே வைப்பதுதான் எங்கள் பரிந்துரை. மாற்றியதும் கேமை முழுதாக மூடித் திறக்க வேண்டும்.

பிஎஸ்3 தான் பெரிய குறை, உண்மையிலேயே மனம் நோகும் குறை. அதன் செல் சிப் வேறெதைப் போலவும் இல்லாத அமைப்பு. பிஎஸ்5 அந்த டிஸ்க்கை ஏற்பதில்லை. சில நாடுகளில் பிளஸ் பிரீமியம் சந்தாவில் பிஎஸ்3 கேம்களை ஸ்ட்ரீம் செய்யலாம். சிங்கப்பூரில் நமக்கு இருப்பது டீலக்ஸ். அதில் ஸ்ட்ரீமிங் கிடையாது, பிஎஸ்1, பிஎஸ்2, பிஎஸ்பி கேம்கள் சில உண்டு. அயல்நாட்டு விமர்சனத்தைப் பார்த்துவிட்டு பிஎஸ்3 கேமுக்காகச் சந்தா கட்டினால் ஏமாற்றம்தான். ஓடிக்கொண்டிருக்கும் பிஎஸ்3 வீட்டில் இருந்தால் விற்காதீர்கள். எல்லா பிஎஸ்3 மாடலும் அதன் ரீஜனுக்குரிய பிஎஸ்1 டிஸ்க்கையும் ஏற்கும். பிஎஸ்4-க்கும் பிஎஸ்5-க்கும் சிடி படிக்கவே தெரியாது.

டீலக்ஸின் பிஎஸ்1 கேம்களில் கவனிக்க வேண்டிய ஒன்று. 2022 மே மாதம் ஆசியாவில் இந்தச் சேவை தொடங்கியபோது பல கேம்கள் பால் (PAL) என்னும் பழைய ஐரோப்பிய டிவி முறைக்கான பதிப்பாக, 50 ஹெர்ட்ஸில் வந்தன. அந்தக் காலத்தில் பால் முறைக்கு ஒழுங்காகச் சரிசெய்யாத கேமில், 60 நொடியில் நடக்க வேண்டியது 72 நொடி எடுக்கும். குதிப்பு மிதக்கிற மாதிரி இருக்கும், பாட்டும் இழுக்கும். புகார்கள் வந்த பிறகு சில கேம்களில் என்டிஎஸ்சி (NTSC) என்னும் 60 ஹெர்ட்ஸ் பதிப்பும் சேர்ந்தது. தேர்வு தெரிந்தால் தயங்காமல் என்டிஎஸ்சியை எடுங்கள்.

நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 பற்றிச் சுருக்கமாக. பழைய ஸ்விட்ச் கார்டுகள் பெரும்பாலும் ஓடும், ரீஜன் தொல்லை இல்லை. கையடக்க நிலையில் பழைய கேம்கள் 720பி தெளிவுத்திறனில் வந்து 1080பி திரையில் விரிவதால் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். பழைய மைக்ரோ எஸ்டி கார்டில் கேம் வைக்க முடியாது, எக்ஸ்பிரஸ் வகை வேண்டும். வளையம் பிடித்து ஆடும் உடற்பயிற்சி கேமான ரிங் ஃபிட் ஆடுபவர்கள் பழைய ஜாய்கான் கண்ட்ரோலர்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். புதியவை அந்த வளையத்தில் பொருந்தாது, பழையவை புதிய இயந்திரத்தின் பக்கவாட்டில் மாட்டி சார்ஜ் ஆகாது, தனிச் சார்ஜர் வேண்டும்.

பழைய டிஸ்க் வாங்கும்போது கைப்பேசி விளக்கை அடிப்பக்கத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கீறல் அவ்வளவு கெடுதல் இல்லை. தரவு சுழல் பாதையில் இருப்பதால் பாதையைக் குறுக்கே வெட்டும் கீறல் கொஞ்சத்தைத்தான் மறைக்கும், பிழைதிருத்தம் அதை ஈடுகட்டிவிடும். பாதையோடு சேர்ந்து வளையமாக ஓடும் கீறல் அப்படியே நீளத்துக்குத் தின்றுவிடும். ஓடிக்கொண்டிருந்த 360-ஐ நகர்த்தினால் விழுவது இந்த வளையம்தான். 360 டிஸ்க் டிவிடி. அதன் தரவுப் படலம் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதால் கடைகளில் பாலிஷ் போட்டுக் காப்பாற்றலாம். பிஎஸ்4 டிஸ்க் ப்ளூரே, படலம் 0.1 மில்லிமீட்டரிலேயே இருக்கிறது. அதற்குப் பாலிஷ் போடவே கூடாது.

வெள்ளைப் புள்ளியாகப் படர்ந்திருப்பது பூஞ்சணம். 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊர் ஈரப்பதத்தில், வீவக வீட்டு ஸ்டோர்ரூமில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த டிஸ்க்குகளில் இது சகஜம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். கேமராவுக்கு வைத்திருக்கும் டிரை பாக்ஸில் இடம் இருந்தால் டிஸ்க்குகளையும் அங்கேயே வையுங்கள். ஈரப்பதம் காட்டும் முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும்.